செத்தவீட்டுக்கு வந்தவர் யார்? அமெரிக்க நாவல்கள் குறித்து வாசகர் கேள்விகள்

திருகோணமலையில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டம் ஒன்று அண்மைக் காலமாக அமெரிக்க நாவல்களை வாசித்து வருகிறது. முன்னேறும் வேட்கை, ஒடுக்குமுறை, சமூகம் ஆகிய மூன்றும் அந்நாவல்களில் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பது குறித்து அவ்வட்டத்தினரும் அயலூர் வாசகர்களும் அனுப்பிய கேள்விகள் ஓர் இதழுக்குப் போதுமான அளவில் சேர்ந்துவிட்டன. ஆகவே வழக்கமான அரசியல், சினிமாக் கேள்விகளுக்கு இம்முறை விடுமுறை கொடுத்துவிட்டேன்.

உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியை

கேள்வி: ஐயா, அமெரிக்க நாவல்களைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முன்னேறும் வேட்கை, ஒடுக்குமுறை, சமூகம் என்று மூன்று உபதலைப்புகளின் கீழ் எழுதிவிடுகிறார்கள். இப்படிப் பிரித்து வாசிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: பரீட்சைக்குப் பயன் உண்டு, வாசிப்புக்கு அவ்வளவாக இல்லை. ஒருவன் மேலே ஏறுகிறான் என்றால் அவன் எதன் மீது, அல்லது யார் மீது, கால் வைத்து ஏறுகிறான் என்பது ஒடுக்குமுறை பற்றிய கேள்வி. அவன் ஏறும்போது சுற்றியிருந்தவர்கள் கை கொடுத்தார்களா, பார்த்துக்கொண்டு நின்றார்களா, காலை வாரினார்களா என்பது சமூகம் பற்றிய கேள்வி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கேட்க முடியாது.

ஏறுபவனின் கதையை அமெரிக்கர்களுக்கு வார்த்துக் கொடுத்தது நாவல் அன்று. அச்சுக்கூடத்தில் தொழில் பழகும் பையனாகத் தொடங்கி நாட்டை நிறுவியவர்களுள் ஒருவராக உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளினின் சுயசரிதையே அந்தக் கதை. அவர் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, அதிகாலை 5 மணிக்கு எழுவதிலிருந்து நாள் முழுவதற்கும் ஒரு நேரசூசியை வகுத்து வைத்திருந்தார். உழைப்பவன் உயர்வான் என்னும் அந்த வாக்குறுதியை 'அமெரிக்கக் கனவு' என்ற பெயரில் பரவலாக்கியவர், 1931 இல் 'தி எபிக் ஒஃப் அமெரிக்கா' என்ற நூலை வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ அடம்ஸ். வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில் அந்தப் பெயர் பரவியது என்பதைக் கவனியுங்கள். நாவலாசிரியர்களுள் பெரியவர்கள் அதற்கு முன்னரும் பின்னரும் அந்த வாக்குறுதியை நம்பியதாகத் தெரியவில்லை.

நான் கைக்கொள்ளும் முறை வேறு. நாவலில் ஒரு சாவோ பேரிழப்போ நிகழும் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யார் வந்தார்கள், வந்திருக்க வேண்டியவர்களுள் யார் வரவில்லை என்று பார்ப்பேன். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று பழகிய நமக்கு இந்தக் கணக்கு இயல்பாகவே வரும். பின்வரும் பதில்களில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

நிலாவெளி, பல்கலைக்கழக மாணவர்

கேள்வி: கள்ளச்சாராயத்தில் பணம் சேர்த்தவன் கேட்ஸ்பி. அப்படிப்பட்ட ஒருவன் மீது பிட்ஸ்ஜெரால்ட் இவ்வளவு இரக்கம் காட்டுவது ஏன்?

பதில்: இரக்கம் கேட்ஸ்பியின் பணத்தின் மீதன்று, அவனுக்குள் இருந்த சிறுவனின் மீது. 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) நாவலின் இறுதியில், இறந்துபோன மகனைப் பார்க்க வரும் முதிய தந்தை, மகன் சிறுவயதில் வாசித்த ஒரு கௌபோய்க் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் 1906 செப்டெம்பர் 12 என்று தேதியிட்டு, காலை 6 மணிக்கு எழுதல், உடற்பயிற்சி, மின்சாரவியல் படித்தல் என்று ஒரு நேரசூசி எழுதப்பட்டிருக்கிறது. வடக்கு டகோட்டாவின் ஏழைப் பண்ணை வீட்டுப் பையன் பிராங்கிளினை அப்படியே நம்பியிருக்கிறான். அவன் வளர்ந்தபோது நாட்டில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. விரைவாக மேலே ஏற விரும்பியவனுக்குத் திறந்திருந்த கதவு அதுதான். நாவல் அதை நியாயப்படுத்தவில்லை; ஆனால், பரம்பரைச் செல்வத்தில் பிறந்த டொம் புக்கனனின் கைகள் அவனுடையதைவிடச் சுத்தமானவை என்றும் சொல்லவில்லை. அந்த டொம்தான் விருந்து மேசையில் அமர்ந்து, வெள்ளையினம் மற்ற இனங்களால் மூழ்கடிக்கப்பட்டுவிடும் என்று அச்சுறுத்தும் ஒரு புத்தகத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறான்.

பலர் விரைந்து கடந்துபோகும் பகுதி, செல்வந்தர் குடியிருப்புக்கும் நியூயோர்க் நகருக்கும் இடையில் கிடக்கும் சாம்பல் மேட்டுப் பிரதேசம். வாகனம் திருத்தும் கடை வைத்திருக்கும் வில்சனும் அவன் மனைவி மேர்ட்டிலும் அங்கேதான் வாழ்கிறார்கள். கார் மோதிச் சாவது மேர்ட்டில். காரை ஓட்டியவன் என்று தவறாக எண்ணிக் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சாவது வில்சன். உண்மையில் காரை ஓட்டிய, டொமின் மனைவியும் கேட்ஸ்பியின் காதலியுமான டெய்சியோ கணவனுடன் முகவரி வைக்காமல் ஊரை விட்டுப் போய்விடுகிறாள்.

இனிச் செத்தவீட்டுக் கணக்கைப் பார்ப்போம். கோடை முழுவதும் நூற்றுக்கணக்கானோர் அழையாமலே வந்து குடித்துக் கூத்தாடிய மாளிகை அது. சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் கதைசொல்லியான நிக், தந்தை, சில வேலைக்காரர்கள், அவ்வூர்த் தபாற்காரர், முன்னொரு விருந்துக்கு வந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் ஆகியோர் மட்டுமே. அவ்வீட்டிலேயே தங்கித் தின்ற ஒருவன் தொலைபேசியில் அழைத்து, தான் விட்டுச்சென்ற சப்பாத்துகளை அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்கிறான். கூட்டம் வேறு, சமூகம் வேறு என்பதை இதைவிடக் குரூரமாக எழுதிய இன்னோர் இடம் எனக்கு நினைவில் இல்லை.

நாவல் வெளிவந்த காலத்தில் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆசிரியர் 1940 இல் இறந்தபோது அது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்கென்று ஏறத்தாழ 155,000 மலிவுப் பிரதிகள் அச்சிட்டு விநியோகிக்கப்பட்ட பின்னரே அதற்குப் புதிய வாழ்வு கிடைத்தது.

தம்பலகாமம், விவசாயி

கேள்வி: நிலத்தை இழந்து ஊர்விட்டு ஊர் போன ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய நாவலை மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கதையையும் அதன் சாரத்தையும் சற்று விரிவாகச் சொல்வீர்களா?

பதில்: ஜோன் ஸ்டைன்பெக் 1939 இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஒஃப் ராத்' நாவலைத்தான் உங்கள் மகள் படிக்கிறார் என்று நினைக்கிறேன். 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில், காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை உழுது புரட்டிவிட்ட நிலங்களில் தொடர் வரட்சியும் கடுங்காற்றும் சேர்ந்துகொள்ள, மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்து போயிற்று. பயிர் பொய்த்தது, கடன் ஏறியது. ஒக்லஹோமா மாநிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்துவந்த ஜோட் குடும்பம் வெளியேற்றப்படுகிறது.

நீங்கள் விவசாயி என்பதால் ஐந்தாம் அத்தியாயத்தை மகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டை இடித்து நிலத்தை ஒன்றாக்க உழவு இயந்திரம் வருகிறது. ஓட்டி வருபவன் அறிந்த வீட்டுப் பையன். நாளொன்றுக்கு 3 டொலர் சம்பளம். அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. உன்னைச் சுடுவேன் என்கிறான் குத்தகைக்காரன். என்னைச் சுட்டால் வேறொருவன் வருவான், எனக்குக் கட்டளை தருபவனுக்கு வங்கி கட்டளை தருகிறது, வங்கிக்கு எங்கோ கிழக்கிலிருந்து கட்டளை வருகிறது என்கிறான் ஓட்டுநர். துப்பாக்கி கையில் இருக்கிறது. குறிவைக்க ஒரு முகம் அகப்படவில்லை. அதே அத்தியாயத்தில் குத்தகைக்காரர்கள் தம் உரிமைக்குச் சான்றாக, பாட்டன் இந்நிலத்தைப் பிடித்தபோது பூர்வகுடிகளைக் கொன்று துரத்தினான் என்பதையும் சொல்கிறார்கள். ஸ்டைன்பெக் அந்த வாக்கியத்துக்கு விளக்கம் தராமல் நகர்ந்துவிடுகிறார். வாசகர் நகர்ந்துவிடக் கூடாது.

பழ மரங்கள் நிறைந்த கலிபோர்னியாவில் வேலை உண்டு என்று துண்டுப்பிரசுரங்கள் சொல்கின்றன. ஒரு சிறு வீட்டையும் தோட்டத்தையும் கனவு கண்டபடி குடும்பம் பழைய வாகனமொன்றில் 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே போகிறது. தேவைக்கு மிகையான துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டதன் நோக்கமே, ஒரு வேலைக்குப் பல பேரை வரவழைத்துக் கூலியைக் குறைப்பதுதான் என்பது போய்ச் சேர்ந்த பின்னர்தான் முழுதாக விளங்குகிறது. முன்னேறும் வேட்கையே இங்கு பொறியாகிறது. மேலே ஏற ஆசைப்பட்டவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தி, எல்லோரையும் கீழே வைத்திருக்கிறார்கள்.

நலன்புரி முகாம்களில் காலம் கழித்த நம்மவர்கள் வீட்பட்ச் முகாம் பற்றிய அத்தியாயங்களை வேறொரு கண்ணோடு வாசிப்பார்கள். மத்திய அரசு அமைத்த அந்த முகாமை அங்கு வசிப்போர் தெரிவுசெய்த குழுக்களே நடத்துகின்றன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் பொலிஸார் உள்ளே வர முடியாது. அதுவரை அத்தகைய வசதியைக் கண்டிராத இரண்டு பிள்ளைகள், மலசலகூடத்தில் நீர் பாயும் ஓசையைக் கேட்டு, எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்துபோகிறார்கள். சனிக்கிழமை நடன நிகழ்வில் கலவரத்தை மூட்டி, அதைச் சாக்காக வைத்து முகாமுக்குள் நுழைய வெளியார் திட்டமிடுகிறார்கள். முகாம்வாசிகள் அவர்களை அடிக்காமல் அமைதியாகத் தூக்கிச் சென்று வெளியே விடுகிறார்கள்.

நாவலின் முடிவில் பெருமழை, இறந்தே பிறந்த குழந்தை, ஒரு கொட்டகை. குழந்தையை இழந்த இளம் தாய், பட்டினியால் செத்துக்கொண்டிருக்கும் முன்பின் அறியாத மனிதனுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். உறவுகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்துபோன பின்னர், யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் வந்து நிற்கிறார்கள்.

கதை நடக்கும் கேர்ண் மாவட்டத்தின் நிர்வாக சபை 1939 ஓகஸ்ட்டில் இந்நாவலை நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தடை செய்தது. அங்கு நூலகராக இருந்த கிரெச்சன் நீஃப் அத்தடையைக் கண்டித்து எழுதினார். தடை 1941 வரை நீடித்தது. எனக்கொரு மனக்குறை உண்டு. அதே தோட்டங்களில் அதற்கு முன்பிருந்தே உழைத்துவந்த மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளர் இந்தப் பெரிய நாவலில் முகமில்லாதவர்களாகவே இருக்கிறார்கள்.

மூதூர், வாசகி

கேள்வி: டோனி மொரிசனின் 'பிலவ்ட்' நாவலில் அடிமைமுறைதானே குற்றவாளி? கறுப்பினச் சமூகத்தின் மீதும் ஆசிரியர் பழி சுமத்துவதாக எங்கள் வட்டத்தில் ஒருவர் வாதிட்டார். அது சரியா?

பதில்: வாதிட்டவர் கவனமாக வாசித்திருக்கிறார். குற்றவாளி அடிமைமுறை என்பதில் நாவலுக்கு ஐயமே இல்லை. ஆனால் துன்பப்பட்டவர்கள் என்பதனாலேயே அவர்களைத் தெய்வங்களாக்கவும் மொரிசன் மறுக்கிறார். 1987 இல் வெளிவந்த இந்நாவலுக்குப் பின்னால் ஓர் உண்மை நிகழ்வு உண்டு. 1856 ஜனவரியில், கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பிவந்த மார்கரெட் கார்னர் என்ற பெண், பிடிபடும் தறுவாயில், அடிமையாகத் திரும்பிப் போவதைவிடச் சாவது மேல் என்று தன் குழந்தையைக் கொன்றார். தப்பி ஓடியவர்களைச் சுதந்திர மாநிலங்களிலும் தேடிப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது.

நாவலில் செத் என்னும் தாய் தப்பி வந்து, சின்சினாட்டியில் மாமியார் பேபி சக்ஸின் வீட்டில் 28 நாள்கள் சுதந்திரமாக வாழ்கிறாள். அந்த மகிழ்ச்சியில் ஒருநாள் ஒரு விருந்து நடக்கிறது. இரண்டு வாளிப் பழத்தில் தொடங்கியது, 90 பேர் உண்டு களித்தும் மிஞ்சுகிற பெருவிருந்தாக வளர்ந்துவிடுகிறது. மறுநாள் ஊருக்குள் மனக்கசப்பு முளைக்கிறது: இவர்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கிடைத்தது, ஏன் இந்தப் பகட்டு என்று. அந்தக் கசப்பின் விளைவாகவே, செத்தைப் பிடித்துப் போக நான்கு குதிரைக்காரர்கள் ஊருக்குள் நுழைந்தபோது, வழக்கம்போல் ஒருவர் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கையை யாரும் சொல்லவில்லை. செத் கொட்டிலுக்குள் ஓடிக் கைவாளை எடுக்கும்வரை அவளுக்கு இருந்த அவகாசம் சில நிமிடங்களே.

உண்ட வீட்டுக்கு ஒரு சொல் சொல்ல வராத ஊர். நமக்கு இது விளங்காத சங்கதியா? ஒருவர் சற்றே தலைநிமிர்ந்தால், அவருக்கு வந்த ஆபத்தை அறிந்தும் அறியாததுபோல் இருந்துவிடுகிற வழக்கம் எந்தக் கடற்கரையிலும் உண்டு. கொடுமையான ஆட்சியின் கீழ் வாழ்பவர்களிடையே அது குறைவதில்லை, கூடுகிறது. கிடைப்பது கொஞ்சமாக இருக்கும்போது அடுத்தவர் தட்டில் விழுவது பெரிதாகத் தெரிகிறது. ஒடுக்குமுறை வெளியிலிருந்து அடிப்பதோடு நில்லாமல், ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் கோலையும் கெடுத்துவிடுகிறது என்பதே மொரிசன் இங்கு காட்டுவது.

அதே ஊர்தான் 18 ஆண்டுகளுக்குப் பின்னர் வருகிறது. செத்தின் மகள் டென்வர் பசி தாங்காமல் வீட்டை விட்டு வெளியே வந்து வேலை கேட்கிறாள். அதன் பிறகு வேலியோரம் உணவுப் பாத்திரங்கள் வைக்கப்படுகின்றன. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தாளில் எழுதிய பெயர்களும் சிலவற்றில் இருக்கின்றன. இறுதியில் எல்லா என்பவள் தலைமையில் 30 பெண்கள் அந்த வீட்டின் முன் வந்து நின்று, செத் கொன்ற குழந்தையின் ஆவியை ஓட்டக் குரலெடுத்துப் பாடுகிறார்கள். எல்லா ஒன்றும் கனிந்த உள்ளம் படைத்தவள் அல்லள். செத்தின் செயலை அவள் கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தும், பழைய பாவம் நிகழ்கால வாழ்க்கையை விழுங்குவதை அவளால் பொறுக்க முடியவில்லை. மன்னிக்காமலே வந்து நிற்கிறவர்களின் கூட்டமும் ஒரு சமூகந்தான் என்று நாவல் ஒப்புக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பிடிவாதமான நேர்மை.

உப்புவெளி, எழுத்தாளர்

கேள்வி: ஒடுக்கப்பட்டோர் இலக்கியம் என்றால் ஒடுக்குமுறையை மட்டுமே எழுத வேண்டுமா? காதலையும் சிரிப்பையும் எழுதினால் அது காட்டிக்கொடுப்பதாகுமா?

பதில்: இதே சண்டை 1937 இல் அமெரிக்காவிலும் நடந்தது. சோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர் அவ்வாண்டு 'தெயர் ஐஸ் வேர் வொச்சிங் கோட்' நாவலை வெளியிட்டார். அதில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை, வெள்ளை வாசகர்களைக் களிப்பூட்டவே எழுதப்பட்டது என்ற பொருள்பட இடதுசாரி இதழான 'நியூ மாஸஸ்' இல் எழுதியவர் ரிச்சர்ட் ரைட். ஈழத்து இலக்கியத்தின் முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து நற்போக்கு என்று கொடி பிடித்த எஸ். பொன்னுத்துரையின் காலத்துச் சண்டைகளை நினைவில் வைத்திருப்போருக்கு இந்தத் தொனி பழக்கமானதாக இருக்கும்.

ரைட் சாதாரண ஆள் அல்லர். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய 'நேட்டிவ் சன்' (1940) நாவலில், சிக்காகோ நகரின் எலி ஓடும் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழும் பிகர் தோமஸ் என்ற இளைஞன், வானத்தில் புகையால் எழுத்துகள் வரையும் விமானத்தைப் பார்த்துத் தானும் விமானியாக ஆசைப்படுகிறான். நிறத்தின் காரணமாக அது நடவாது என்பது அவனுக்கும் தெரியும். அந்த அறைக்கு அநியாய வாடகை வாங்கும் நிறுவனத்துக்குச் சொந்தக்காரரான டோல்டன், கறுப்பின இளைஞர்களின் நலனுக்காக மேசைப்பந்து மேசைகளை நன்கொடையாகக் கொடுப்பவர். தருமசிந்தனை உள்ளவர் என்று பெயரெடுத்தவர். வேட்கை அடைபட்டால் அது வன்முறையாக உடைத்துக்கொண்டு வரும் என்பது ரைட்டின் வாதம். டோல்டனின் மகளைக் கொன்று சிறைப்பட்ட பிகரின் சிறைக்கூடத்துக்குத் தாய், போதகர், நண்பர்கள், வழக்கறிஞர், கொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோர் என்று நம்ப முடியாத அளவுக்கு எல்லோரும் வந்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அத்தனை பேர் நடுவிலும் அவன் தனியாகவே இருக்கிறான்.

ஆனால் ஹர்ஸ்டனைப் பொறுத்தவரை ரைட் தவறாகவே வாசித்தார் என்பது என் முடிவு. கறுப்பினத்தவரே நிருவகித்த ஈற்றன்வில் என்னும் புளோரிடா ஊருக்கு வரும் ஜோ ஸ்டார்க்ஸ், கடை வைத்து, மேயராகி, தெரு விளக்கு ஏற்றி, ஊரிலேயே பெரிய வெள்ளை வீட்டைக் கட்டுகிறான். அதே கையோடு மனைவி ஜேனியின் தலைமுடியைத் துணியால் கட்டச் சொல்லி, கடைத் திண்ணையில் நடக்கும் பேச்சில் அவள் வாய் திறக்கக் கூடாது என்று தடை போடுகிறான். வெள்ளையர் இல்லாத ஊரிலும் ஒருவனின் ஏற்றம் ஒருத்தியின் மௌனத்தின் மீது கட்டப்படலாம் என்பது செய்தி இல்லாமல் வேறென்ன?

இன்னோரிடத்தையும் ரைட் கவனிக்கவில்லை. 1928 இல் ஒக்கிச்சோபி ஏரிப் பகுதியைச் சூறையாடிய சூறாவளியின் பின்னர் பிணங்களைப் புதைக்கும் வேலைக்கு ஜோவின் மறைவுக்குப் பின்னர் ஜேனி மணந்த டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிடித்துச் செல்கிறார்கள். வெள்ளையருக்குச் சவப்பெட்டி, கறுப்பருக்குச் சுண்ணாம்பு தூவிய பொதுக்குழி. பிணங்கள் உருக்குலைந்திருப்பதால், எது எந்த நிறம் என்று தலைமயிரைப் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். உண்மையிலும் அச்சூறாவளியில் இறந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கணக்கில் வெஸ்ட் பாம் பீச் நகரில் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்த உடல்களை இக்கரையில் அடக்கம் செய்தவர்களிடம் இந்த அத்தியாயத்தைப் பற்றி நான் விரிவுரை செய்யத் தேவையில்லை.

ஹர்ஸ்டன் 1960 இல் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்க்கல் கூட இல்லை; 1973 இல் அலிஸ் வோக்கர் என்ற இளைய எழுத்தாளர் தேடிப் போய் ஒரு கல்லை நாட்டினார்.

கிண்ணியா, மீன்பிடித் தொழிலாளி

கேள்வி: 'மோபி டிக்' திமிங்கில வேட்டைக் கதைதானே? அதையும் இந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கிறார்கள்?

பதில்: நீலத் திமிங்கிலங்களும், இந்நாவலின் நாயகமான விந்துத் திமிங்கிலங்களும் திருகோணமலைக்கு வெளியே கடலில் காணப்படுகின்றன என்பதால், இதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு மற்ற எவரைவிடவும் உரிமை உண்டு. ஹெர்மன் மெல்வில் 1851 இல் எழுதிய இந்நாவலை, கரைவலைப் பங்கு முறையை அறிந்த ஒருவர் தொழில் கணக்கிலிருந்தே வாசிக்கத் தொடங்கலாம். கப்பலில் எவருக்கும் மாதச் சம்பளம் இல்லை, இலாபத்தில் பங்கு. கதைசொல்லி இஷ்மாயிலுக்கு முந்நூறில் ஒரு பங்கு கிடைக்கிறது. அதற்கு முன் பக்திமான் வேடமிட்ட உரிமையாளர் ஒருவர் 777இல் ஒரு பங்கு தரப் பார்க்கிறார். நம் சம்மாட்டிகளில் சிலருக்கு அவரைப் பார்த்தால் பொறாமை வரும்.

பல தேசத்தவரும் நிறத்தவரும் ஒன்றாக உழைக்கும் அந்தக் கப்பல் ஒரு முழு ஊர். தன் காலைக் கடித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கும் தலைவன் ஆஹாப்பின் வெறி, ஒரு பொற்காசைப் பாய்மரத்தில் அறைந்த நாளிலிருந்து எல்லோருடைய வெறியாகவும் மாறுகிறது. எதிர்க்கத் துணிந்தவர் முதன்மை அதிகாரி ஸ்டார்பக் மட்டுமே. உறங்கும் ஆஹாப்பின் அறைவாசலில் துப்பாக்கியோடு நின்று, சுட்டால் முப்பது பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டு, சுடாமல் திரும்பிவிடுகிறார். பிழைத்தவர் ஒருவரே; அவரும் நண்பர் குவீக்வெக்கின் சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்தார்.

திருகோணமலை நகர், சட்டத்தரணி

கேள்வி: 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' வாசித்துத்தான் நான் இத்தொழிலுக்கு வந்தேன். அதை நீங்கள் குறிப்பிடவே மாட்டீர்களா?

பதில்: குறிப்பிட்டுவிட்டேன். ஹார்ப்பர் லீ 1960 இல் வெளியிட்டு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற அந்நாவல் மிக நேர்த்தியானது. ஆயினும் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிச் சாகும் கறுப்பினத் தொழிலாளி டொம் ரொபின்சனின் வீட்டுக்குள் நாம் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். அவனுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸின் மேன்மையை அறிகிறோம். டொம் எதற்கு ஆசைப்பட்டான் என்பதை அறியாமலே புத்தகத்தை மூடுகிறோம். உங்கள் கட்சிக்காரர்களை நீங்கள் அப்படி விட்டுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சம்பூர், ஆசிரியர்

கேள்வி: இவற்றுக்கு நிகராக நம்மிடம் என்ன இருக்கிறது?

பதில்: நிகர் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை, அருகருகே வைத்து வாசிக்கலாம். யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை 'நேட்டிவ் சன்' உடன் வையுங்கள். ரைட்டின் பிகர் தனியாக வெடிக்கிறான். டானியலின் மாந்தர் கூடிப் பேசி, கூடி அடிபட்டு, கூடியே எழுகிறார்கள். தனி மனிதனின் ஏற்றம் டானியலுக்குப் பெரிய விடயமே அல்ல. அதில் அவருடைய பலமும் இருக்கிறது, சில வேளைகளில் பாத்திரங்கள் அனைவரும் ஒரே குரலில் பேசிவிடும் பலவீனமும் இருக்கிறது. உங்கள் அயலூரான மூதூரின் வ. அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி' சிறுகதையைத் தேடி எடுத்து மெல்விலுக்குப் பக்கத்தில் வைத்தால், கடற்கரைக்காரனின் ஆசை எத்தனை சிறியதாகவும் எத்தனை எட்டாததாகவும் இருக்க முடியும் என்பது விளங்கும்.

குச்சவெளி, உயர்தர வகுப்பு மாணவி

கேள்வி: இந்த மூன்று கருப்பொருள்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நேரமும் குறைவு, ஆங்கிலமும் கடினம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 'பிலவ்ட்' நாவலில் தொடங்காதீர்கள், அதன் கதை முன்னும் பின்னுமாகச் செல்வதால் முதல் வாசிப்பில் சோர்ந்துவிடுவீர்கள். ஸ்டைன்பெக்கின் 'ஒஃப் மைஸ் அண்ட் மென்' (1937) மிகச் சிறிய புத்தகம், வாக்கியங்கள் எளியவை, பெரும்பகுதி உரையாடல்.

அதில் பண்ணைக் குதிரைகளைப் பராமரிக்கும் குரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியின் அறையில் நடக்கும் காட்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றத் தொழிலாளர் உறங்கும் விடுதிக்குள் அவருக்கு இடமில்லை. அன்றிரவு இருவர் அவருடைய அறைக்கு வந்து, தாங்கள் வாங்கப்போகும் சிறு பண்ணையைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலில் ஏளனம் செய்த குரூக்ஸ், மெல்ல மெல்ல ஆசை பிடித்து, கூலி இல்லாமலே வந்து உழைக்கத் தயார் என்கிறார். அப்போது முதலாளியின் மருமகள் வாசலில் வந்து நின்று, தான் ஒரு வார்த்தை சொன்னால் அவரை மரத்தில் தூக்கிவிடுவார்கள் என்று மிரட்டுகிறாள். அவளோ அந்தப் பண்ணையில் பெயர்கூடச் சொல்லப்படாத, பேச ஆளில்லாத தனிமைக்காரி. அவள் போன பிறகு குரூக்ஸ், முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார்.

அந்த அறைக்குள் யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று முதலில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவர் வரும்போதும் குரூக்ஸ் எப்படி அமர்ந்திருக்கிறார், எவ்வளவு பேசுகிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். கட்டுரைக்குத் தேவையான சான்றுகள் அந்த ஒரு தாளிலேயே சேர்ந்துவிடும். மூன்று உபதலைப்புகளைப் போடுவதா இல்லையா என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.